சி ஷிஃப்ட் சிலேட்டும் இருபத்து மூன்றாம் கோடாலியும்

1

நெய்வேலியிலிருந்து கிளம்பும்போது நான் கொண்டுவந்த பொருட்கள், துணிமணி நீங்கலாக, பதினான்கு. இன்று காலை எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்றுதான் இருக்கின்றன.

இன்று நான் கனடாவுக்கு வந்த மூவாயிரத்து முந்நூறாவது நாள். இப்படி முழு எண் வரும் நாட்களில் பெட்டியைத் திறந்து சரிபார்ப்பது என் வழக்கம். குறிப்பேடுகள் பதினொன்று, அளவெடுக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்று, என் மனைவி ஸ்டெல்லாவின் ஜெபமாலை ஒன்று, சிலேட்டு ஒன்று. சிலேட்டைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் பார்த்தேன். இந்த வீட்டில் கதவுகள் பதினேழு. பதினேழின் குமிழிலும் பார்த்துவிட்டேன்.

அது பள்ளிக்கூடத்துச் சிலேட்டுதான், மரச்சட்டம் போட்டு, மாட்டுவதற்குக் கயிறு கட்டியது. வெள்ளை எனாமல் பெயின்டில் ஸ்டெல்லா எழுதியிருப்பாள்: 'சி ஷிஃப்ட். பெல் அடிக்காதீர்கள்.'

நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சுரங்கத்தில் சி ஷிஃப்ட் என்றால் இரவு பத்து முதல் காலை ஆறு வரை. அந்த வாரம் முழுக்க அந்த ஷிஃப்ட்காரன் பகலில் தூங்குகிறவன். எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ஒருவர் கேட்டில் சிவப்புத் துண்டு கட்டுவார். ஒருவர் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தொங்கவிடுவார். எங்கள் வீட்டில் சிலேட்டு. அதைப் பார்த்தால் மீன்காரம்மா கூவாமல் போய்விடுவாள். பால்காரர் சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொள்வார். பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போய் விளையாடும். யாரும் யாருக்கும் சட்டம் போடவில்லை. தூங்குகிற ஷிஃப்ட்காரனை எழுப்பக் கூடாது, அவ்வளவுதான். தூக்கம் கெட்டவன் இயந்திரத்தின் அருகே போனால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும்.

முப்பத்து நான்கு வருடம் நான் அந்தச் சிலேட்டுக்குப் பின்னால் தூங்கியிருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்கள் ஃபோன் பேசினால், "அங்க என்னதான் செய்றீங்க?" என்பார்கள். கோடாலி வரைகிறேன் என்பேன். சிரிப்பார்கள். என் பழைய சிநேகிதர் சுப்பிரமணி சிரிப்பதோடு நிறுத்த மாட்டார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்தவர், என் கேங்கில் பத்தொன்பது வருடம் இருந்தவர்.

"ஏய்யா தேவசகாயம், கனடாவுக்குப் போயி வெறகு பொளந்துகினு இருக்கியா நீ?"

"பிளக்கவில்லை. வரைகிறேன்."

"வெறகு பொளக்கறதுக்கு எதுக்குய்யா டிராயிங்கு? எங்கப்பன் எந்த டிராயிங்க பாத்தாரு?"

சுப்பிரமணியிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீடு வேய்னுடையது. வெல்டராக இருந்தவர், வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. அதில் ஓர் உலை, ஒரு பட்டறைக்கல், ஒரு பெல்ட் கிரைண்டர். கைக்கோடாலிகளும் டோமஹாக் என்ற நீளக் காம்புக் கோடாலிகளும் கையால் செய்து விற்கிறார். காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். ராணுவம், போலீஸ், தீயணைப்பு ஆட்களும் வாங்குகிறார்கள். அவர்களுக்கானதை 'டாக்டிகல்' என்பார். கறுப்புப் பூச்சும், வெட்டும் வாய்க்குப் பின்பக்கம் ஒரு கூரான முள்ளும் அதன் அடையாளம்.

ஆறு வருடத்துக்கு முன்பு, டாக்டர் சொன்ன ஆறாயிரம் காலடியை நடந்துகொண்டிருந்தேன். நாலாயிரத்துச் சொச்சத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கால் தானாகக் கொட்டகைக்குள் போய்விட்டது. வேய்ன் அந்த முள்ளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். யார், என்ன என்று அவர் கேட்பதற்குள் நான் கேட்டேன்:

"இந்த முள் யாரைக் குத்துவதற்கு?"

"யாரையும் இல்லை. கார் கண்ணாடி உடைக்க. பூட்டிய கதவை நெம்ப."

"நெம்பினால் ஒடியும்."

"இதுவரை ஒடிந்ததில்லை."

"நீங்கள் நெம்பிப் பார்த்திருக்கிறீர்களா?"

அவர் பார்த்ததில்லை. பிடிகருவியில் இறுக்கி, ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இருவருமாகத் தொங்கினோம். முள் ஒடிந்து தகரக் கூரையில் பட்டு விழுந்தது. வேய்ன் அதைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பென்சிலை என் கையில் கொடுத்தார்.

ஒடியும் என்று எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், நான் இருந்தது பல் மாற்றும் கேங்கில். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறையைத் தோண்டுகிற ராட்சதச் சக்கரத்தின் வாளிகளில் இரும்புப் பற்கள் இருக்கும். எங்கள் பாறை அந்தப் பற்களைத் தின்றுவிடும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எங்கள் வேலை. நான் ஃபோர்மேன். கழற்றிய பல்லைச் சும்மா குப்பையில் போட எனக்கு மனம் வராது. எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது, எந்தக் கோணத்தில் ஒடிந்தது என்று அளந்து வரைந்து வைப்பேன். பதினொரு குறிப்பேடுகள் அப்படி வந்தவைதான். சக்கரத்தின் பல்லும் கோடாலியின் வாயும் ஒரே சாதி. மெலிந்தால் நன்றாக இறங்கும், சீக்கிரம் ஒடியும். தடித்தால் ஒடியாது, இறங்காது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதுதான் வரைபடம்.

கைக்கோடாலிக்குக் காம்பைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடிப்பார்கள். டோமஹாக் அப்படி இல்லை. நம் ஊர் பிக்காசு மாதிரி, தலையைக் காம்பின் அடியிலிருந்து கோத்து மேலே தள்ள வேண்டும். காம்பின் மேல்முனை அகலம், அங்கே போய் இறுகிவிடும். வீச வீச இன்னும் இறுகும். ஆப்பு வேண்டாம். காம்பு ஒடிந்தால் தலையைத் தட்டிக் கழற்றி வேறு காம்பில் மாட்டிக்கொள்ளலாம். இதை வேய்ன் பெரிய ரகசியம் போலச் சொன்னபோது, "எங்கள் ஊரில் ரோடு போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்" என்றேன்.

ஆறு வருடத்தில் இருபத்திரண்டு வரைபடம் போட்டேன். முள்ளைப் பாதியாகக் குறைத்தேன், அடியைத் தடிமனாக்கினேன். அதன் பிறகு ஒன்றும் ஒடியவில்லை. தீயணைப்பில் இருக்கும் ஒரு பெண், கவிழ்ந்த லாரியின் கதவை அதனால் திறந்ததாக எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை வேய்ன் சுவரில் ஒட்டியிருக்கிறார். என்னை அவர் 'மிஸ்டர் டி' என்பார். தேவசகாயம் என்று சொல்லிக்கொடுக்க நாற்பது முறை முயன்று நிறுத்திவிட்டேன்.

3

என் ஒரே மகன் பெனடிக்ட். வீட்டில் பென்னி. வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சை நான் எடுத்து நாலு வருடம் ஆகிறது. அவனும் சுரங்கத்தில்தான் இருக்கிறான். வடக்கே எண்ணெய் மணலைத் தோண்டுகிற சுரங்கம். பதினான்கு நாள் அங்கே முகாமில், ஏழு நாள் வீட்டில். திரும்பப் பதினான்கு, ஏழு. கடைசி வாரம் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வருவான். ஆகையால் வீட்டுக்கு வந்தால் பகலில் தூங்குவான்.

அந்தப் பதினான்கு நாளில் நான் வீட்டில் யாரோடும் தமிழில் பேசுவதில்லை. ஒருநாள் அரிசிப் பானையைப் பார்த்து "ரெண்டு விசில் போதும்" என்று சொன்னேன். அது விசில் அடிக்காத மின்சாரப் பானை. புகை கண்டுபிடிக்கும் கருவி ஒன்று சமையலறையில் இருக்கிறது. கடுகு தாளித்தால் அலறும். அதுதான் வீட்டில் வேறு சத்தம்.

பெர்மனன்ட் என்ற சொல்லுக்கு நெய்வேலியில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். கான்ட்ராக்டில் இருந்து பெர்மனன்ட் ஆனால் பெண் வீட்டார் தேடி வருவார்கள். ரிட்டையர் ஆகும்வரை அசைக்க முடியாது. இந்த நாட்டில் குடியிருக்க எனக்கு ஒரு பெர்மனன்ட் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காலாவதி ஆகும். அந்த ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாள் இங்கே இருந்தேன் என்று காட்ட வேண்டும். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நாள்வாரியாக எழுதிய நோட்டை நீட்டினேன். "இவ்வளவு யாரும் கொண்டு வருவதில்லை" என்றாள். ஒன்பது வருடத்தில் நான் இந்த நாட்டை விட்டு வெளியே போனது பூஜ்யம் நாள். போவதற்கு எங்கே இருக்கிறது? குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. நான் ரிட்டையர் ஆன நாலாம் மாதம் ஸ்டெல்லா போய்ச்சேர்ந்தாள். அடுத்த மாதம் சாவியைக் கொடுத்து ரசீது வாங்கினேன். அந்த கேட்டில் இப்போது வேறு யாருடைய துண்டோ தொங்கும்.

பென்னி முதல் முறை இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தபோது, எனக்குச் சிலேட்டு ஞாபகம் வந்தது. எடுத்து அவன் அறைக் கதவின் குமிழில் மாட்டினேன். அவன் பார்த்துச் சிரித்தான். "அப்பா, இங்க பெல் அடிக்க யாரு வரப்போறா?" என்றான். உண்மைதான். ஆனாலும் மாட்டினேன். அவன் தூங்கும்போது குக்கர் வைக்க மாட்டேன், குழாயை நூல் போலத் திறப்பேன், தும்மல் வந்தால் பின்வாசலுக்குப் போவேன். வேய்னின் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆறு வருடமாக இதுதான் வழக்கம். ஒரு தகப்பனாக வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்துக்கு முன்பு வேய்ன் ஒரு தலையைக் காய்ச்சிக்கொண்டே, "மிஸ்டர் டி, கவலைப்படாதே. பென் போன பிறகு நான் இருக்கிறேன்" என்றார்.

"எங்கே போன பிறகு?"

வேய்ன் இடுக்கியைக் கீழே வைத்தார். காய்ந்த இரும்பு தன்பாட்டுக்குக் கறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று.

ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புச் சுரங்கம். இரண்டு வருட கான்ட்ராக்ட். அடுத்த விடுப்பு முடிந்ததும் பென்னி கிளம்புகிறான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேய்னிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

அன்று நான் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்று நோட்டில் எழுதவில்லை. அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது.

4

அவன் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. சொல்லட்டும் என்று காத்திருக்க முடிவு செய்தேன். அவனாக வந்து சொல்ல வேண்டும், நானாகக் கேட்கக் கூடாது. வேய்னிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். காத்திருக்கும் நாளில் சும்மா இருக்க முடியாமல் இருபத்து மூன்றாம் கோடாலியைத் தொடங்கினேன். விற்பனைக்கு இல்லை. பென்னிக்கு. விடுப்பில் அவன் ஒன்றிரண்டு நாள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவன். டோமஹாக் வகை, தலை அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். முள் இல்லை, அந்த இடத்தில் கூடார முளை அடிக்க ஒரு சிறு சுத்தியல் முகம். வேய்ன் அடித்தார். கடைசித் தீட்டலை நான் செய்தேன்.

காம்பு இதுவரை வேய்னின் பொறுப்பு, ஒரே அச்சு. இந்தக் காம்பை நான் அவன் கைக்கு அளவாகச் செய்ய நினைத்தேன். அதற்கு அவன் கை வேண்டும்.

வியாழக்கிழமை வந்தான். "சாப்பிட்டீங்களா?" என்றான். "ஆச்சு. உனக்குச் சாம்பார் இருக்கு" என்றேன். படுத்துவிட்டான். சிலேட்டை மாட்டினேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே போனேன். காலிப்பர் குளிர்ந்த இரும்பு, பட்டால் விழித்துவிடுவான். அதனால் நூல் எடுத்துப் போயிருந்தேன். வலது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. உள்ளங்கையின் அகலத்துக்கு ஒரு முடிச்சு. நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு முடிச்சு. விரல்கள் மடங்கும் சுற்றளவை எடுக்க, அவன் கையை என் கையில் எடுத்து மெல்ல மூட வேண்டியிருந்தது. அப்போதுதான் புறங்கையில் ஒரு தழும்பைப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டர். தையல் ஆறு. எப்போது பட்டது, எனக்குத் தெரியாது. ஆறையும் மறுபடி எண்ணினேன். அளவெடுத்து முடிந்தும் கையைக் கீழே வைக்கச் சற்று நேரம் ஆனது.

அவன் கை எனக்கு இதற்கு முன் எப்போது அப்படிக் கிடைத்தது என்று யோசித்தேன். ஒரு பகல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவனுக்கு ஆறு வயது. சி ஷிஃப்ட் வாரம். நல்ல தூக்கத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கையில் ரத்தத்தோடு ஒரு பால்பல்.

"அப்பா, எனக்கும் பல்லு மாத்தணும்."

முதல் பல். என்னிடம் காட்டுவதற்காகச் சிலேட்டைத் தாண்டி வந்திருக்கிறான். நான் அறைந்துவிட்டேன். ஒன்றுதான், ஆனால் பலமாக. பல் எங்கேயோ தெறித்து விழுந்தது. ஸ்டெல்லா ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு, "தூங்கிகினு இருக்கற ஆள எழுப்பலாமாடா? எத்தினி தடவ சொல்லிகினு இருக்கேன்" என்று அவனைத்தான் திட்டினாள். அதன் பிறகு அவன் என்னை எழுப்பியதே இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று கூட ஸ்டெல்லாவிடம் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

5

ஹிக்கரி என்ற கெட்டி மரத்தில் காம்பு செதுக்கினேன். சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் பென்னி எழுந்திருக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் கொட்டகையில் இருந்தேன். மாலையில் பார்த்துக்கொள்வோம். வியாழன் முதல் செவ்வாய் காலை வரை நாங்கள் பேசிக்கொண்ட வாக்கியங்கள் முப்பத்தொன்று. அவற்றில் பத்தொன்பது சாப்பாடு பற்றியவை. ஆஸ்திரேலியா என்ற சொல் வரவில்லை. புதன் இரவு அவன் விமானம் என்று வேய்ன் சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சுப்பிரமணி வாட்ஸப்பில் வந்தார். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம் போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இப்ப எங்கய்யா இருக்கான் புள்ள?"

"தூங்குகிறான். நான் வாசலுக்கு வந்து பேசுகிறேன்."

"எழுப்பு."

"இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவனை எப்படி எழுப்புவது?"

"ஏய்யா, வந்து ஆறு நாளாச்சின்னு நீதான சொன்ன? ஆறு நாளாவா தூங்குவான் மனுசன்? அவன் மெஷினுகிட்ட போகப் போறதில்லய்யா, பிளேன்ல போகப் போறான். அதுல தூங்கிக்குவான். வூட்ல ரெண்டே பேரு, ரெண்டு பேரும் வாய தெச்சிகினு உக்காந்திருக்கீங்க. எழுப்புய்யா. பெல்ல அடி."

"நான் வீட்டுக்காரன். நான் எதற்கு பெல் அடிக்கிறேன்?"

"அடிய்யா!"

ஃபோனை வைத்துவிட்டார். வெளியே மைனஸ் பதினெட்டு. என் சட்டைப் பையில் சாவி இருந்தது. ஒன்பது வருடத்தில் இந்த வீட்டின் பெல்லை நான் ஒருமுறை கூட அழுத்தியதில்லை. அது எப்படிச் சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாது. அழுத்தினேன். இரண்டு சுரம் அடித்தது. மறுபடி அழுத்தினேன். நாலாவது தடவைக்குக் கதவு திறந்தது.

பென்னி முழுதாக விழித்திருந்தான். கையில் காபிக் கோப்பை இருந்தது.

"சாவிய மறந்துட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப எதுக்குப்பா குளிர்ல நின்னு பெல் அடிச்சிகினு இருக்கீங்க?"

"உன்னை எழுப்பத்தான்."

அவன் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினான். என் கைகளை எடுத்துக் காபிக் கோப்பையைச் சுற்றி வைத்தான்.

"வேய்ன் சொல்லிட்டாரா?"

"இரண்டு வாரம் ஆகிறது."

"தெரிஞ்சும் கேக்கல."

"நீ சொல்வாய் என்று இருந்தேன்."

"ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான்பா வந்தேன். நீங்க நெனைக்கிற மாதிரி நான் பகல் பூரா தூங்கறதில்ல. பத்து மணிக்கே முழிச்சிடுவேன். பாத்தா வூட்ல சத்தமே இருக்காது, கதவுல சிலேட்டு தொங்கும், நீங்க இருக்க மாட்டீங்க. கொட்டகை வாசல் வரைக்கும் வருவேன். சுத்தியல் சத்தம் கேக்கும். வேலைல இருக்கற மனுஷன கெடுக்கறாப்ல இருக்கும்னு திரும்பிடுவேன்."

"எத்தனை தடவை அப்படி வந்தாய்?"

"எண்ணலப்பா."

"எண்ணியிருக்க வேண்டும்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த எண் உண்மையாகவே வேண்டியிருந்தது. இன்றும் வேண்டியிருக்கிறது.

பேச்சை மாற்றுவதற்காகக் கோடாலியை எடுத்து நீட்டினேன். வாங்கிக் காம்பைப் பிடித்துப் பார்த்தான். கையில் ஒட்டிக்கொண்டது போல உட்கார்ந்தது.

"அளவு சரியா இருக்கு. ஆனா தப்புப்பா."

"கணக்காக எடுத்த அளவு. தப்பாக இருக்காது."

"வெறுங்கைக்கு நூல் புடிச்சீங்க. இந்த ஊர்ல கையுறை இல்லாம வெளிய எவன் கோடாலி புடிப்பான்?" என்று வாசலில் கிடந்த தன் கனத்த கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி பிடித்தான். விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை. வீசினால் நழுவும். பதினொரு குறிப்பேடு வரைந்தவன், ஒன்பது குளிர்காலம் பார்த்தவன், கணக்குப் போட்டது நெய்வேலி வெயிலுக்கு.

அப்புறம்தான் அவன் சொன்னது எனக்கு உறைத்தது.

"நூல் பிடித்தது உனக்கு எப்படித் தெரியும்?"

பென்னி கையுறையைக் கழற்றினான். "முழிச்சிகினுதான் இருந்தேன்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா கைய விட்டிருப்பீங்க."

நான் தழும்பைக் காட்டி, இது எப்போது என்றேன். போன வருடம், ஒரு சங்கிலி அறுந்தது என்றான். பிறகு அவன் ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சொன்னான். இங்கே முகாமில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். அவர்கள் சொல்வதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டானாம். என்னை அழைத்துப்போக அந்த விசாவில் இடம் இல்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்திருக்கிறான். போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்தேன். ஷிஃப்ட் கேட்டு, ஓவர்டைம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வராமல் முப்பத்து நான்கு வருடம் போனவன் நான். சொல்லவில்லை.

"அங்கே குளிருமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நெய்வேலி சித்திரை மாதிரி, வருஷத்துல பாதி நாளு."

"அப்படியானால் இந்தக் காம்பு அங்கே சரியாக இருக்கும்."

"ஆமாம்பா. அங்க வெறுங்கைதான்."

அன்று நாங்கள் நாலு மணி நேரம் பேசினோம். வாக்கியங்களை எண்ணவில்லை.

6

புதன்கிழமை பெட்டி கட்டும்போது கோடாலியைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தான். கொண்டுபோகும் பொருள் என்ன என்று ஒரு படிவம் கேட்டது. ஆயுதமா, கருவியா, மரப் பொருளா? அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "கைக்கருவி, ஒன்று. காம்பு மரம்" என்று எழுதச் சொன்னேன். எடையையும் சொன்னேன்.

கையுறைகளை விட்டுவிட்டுப் போனான். அங்கே தேவைப்படாது. நான் அவற்றுக்குள் என் கையை நுழைத்து, அவன் கைக்கும் என் கைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதம் சுற்றி நிரப்பி, புது அளவு எடுத்தேன். இரண்டாவது காம்பு இந்த ஊருக்கானது. மூன்று மில்லிமீட்டர் மெலிவு, அடியில் நழுவாமல் இருக்க ஒரு குமிழ். போன சனிக்கிழமை முடித்துக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன். தலை இல்லாமல் காம்பு மட்டும் தொங்குகிறது. வாங்க வருகிறவர்கள், இது என்ன என்று கேட்கிறார்கள். தலை வெளியூர் போயிருக்கிறது, வந்ததும் தட்டிக் கழற்றி இதில் மாட்ட வேண்டும் என்று வேய்ன் சொல்கிறார். அவன் போய் இன்றோடு பத்தொன்பது நாள். இரண்டு வருடம் என்றால் எழுநூற்று முப்பத்தொன்று. நடுவில் ஒரு லீப் வருடம் வருகிறது.

வீட்டின் அமைதி முன்பு இருந்த அதே அமைதிதான். முன்பு அது பதினைந்தாம் நாள் முடியும்.

இன்று காலை முழுக்கச் சிலேட்டைத் தேடினேன். ஸ்டெல்லாவின் கையெழுத்து என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். ஒருவேளை குப்பையோடு போயிருக்குமோ என்று பின்வாசலில் உள்ள மூன்று தொட்டிகளையும் கிளறினேன். வேய்ன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன தொலைத்தாய்?" என்றார். "ஒரு பலகை" என்றேன். அவரும் வந்து கிளறினார்.

ஒரு மணிக்கு ஃபோனை எடுத்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். பென்னி நேற்று ஒரு படம் அனுப்பியிருக்கிறான். கண்ணாடி போடாமல் பார்த்ததால் வெறும் கதவு என்று நினைத்து விட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டேன். அவன் முகாமின் அறைக் கதவு. குமிழில் எங்கள் சிலேட்டு. திருப்பி மாட்டியிருக்கிறான். ஸ்டெல்லா எழுதிய பக்கம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்தில் சாக்பீஸால் அவன் எழுதியது: 'அப்பா மட்டும் எழுப்பலாம்.'

பதினான்கும் கணக்கில் இருக்கின்றன.

இங்கே பகல் ஒன்று என்றால் அங்கே அதிகாலை நான்கு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்தவன் நல்ல தூக்கத்தில் இருப்பான். சாயங்காலம் வரை பொறுக்கலாம் என்று ஃபோனைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்து அழைத்தேன்.

ஐந்தாவது மணியில் எடுத்தான்.